தலைக்கட்டு லிஸ்ட்

போன வாரம் என் சோளக்கொல்லையில் டேப் பிடித்து அளந்த இரண்டு பேரை நான் கல்லெடுத்து விரட்டினேன். யார் அனுப்பிய ஆட்கள் என்று என் மகன் கோகுலகிருஷ்ணனைக் கேட்டால், "மண்ணு டெஸ்ட்டுப்பா" என்றான். மண்ணை டெஸ்ட் பண்ண வந்தவன் மண்ணைக் கையில் எடுப்பான். இவன்கள் குனியக்கூட இல்லை.

இன்றைக்குக் காலையில் அதே மகன் எனக்கு ஓட்டல் இட்லி வாங்கி வந்திருந்தான். கூடவே மடிப்புக் கலையாத ஒரு புது வேட்டி. நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு அப்பன் ஞாபகம் வந்துவிட்டது.

"கெளம்புப்பா. டவுனுக்குப் போயி ஒன் ஆதார்ல போன் நம்பர் சேக்கணும்."

"எதுக்கு?"

"சேக்கலன்னா முதியோர் பணத்த நிப்பாட்டிடுவானுங்களாம்."

"நான் எப்படா முதியோர் பணம் வாங்குனேன்?"

அதை விட்டுவிட்டு, "பட்டாவையும் எடுத்துக்க" என்றான்.

"ஆதாருக்கு எதுக்குப் பட்டா?"

"அட்ரஸ் காட்டணும்ல."

"கொல்லையிலயா குடியிருக்கேன்?"

பட்டாவை எடுக்கவில்லை. புது வேட்டியையும் கட்டவில்லை. ஆதார் அட்டையை மட்டும் சட்டைப் பையில் வைத்து ஊக்கு குத்திக்கொண்டு அவன் காரில் ஏறினேன். எங்கே கூட்டிப் போகிறான் என்று பார்க்க வேண்டாமா?

விஷயம் அந்தக் கொல்லைதான். ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கிழக்கே நாலு ஏக்கர். என் அப்பன் வைத்துவிட்டுப் போனது. பட்டா என் பேரில். அதில் இருக்கிற கிணறு மட்டும் நான் வெட்டியது. பாறைக்கு வெடி வைத்து, அறுபது அடி. சட்டப்படி அந்த நிலத்தில் கோகுலுக்கும் பங்கு, அரியலூரில் கட்டிக்கொடுத்த என் மகள் மணிமொழிக்கும் பங்கு. ஆடி மாதம் இவன் அவளிடம் போய், "எனக்கு ஒன்னும் வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்று கேட்டிருக்கிறான். அவள் முடியாது என்றாள். அன்றையிலிருந்து அண்ணன் தங்கைக்குப் பேச்சு இல்லை.

பெரம்பலூருக்கு வந்ததும் ஆதார் சேர்க்கிற இடத்துக்கு வண்டி போகவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு செல்போன் கடைக்கு முன்னால் நின்றது. மாடியில் ஏதோ ஆபீஸ்.

"நீ வண்டியிலயே இரு. ஹேமா மேலதான் இருக்கா. கூட்டிட்டு வந்துடறேன்."

அவன் மாடி ஏறி மறைந்ததும் நானும் இறங்கினேன். "இரு" என்று யாராவது சொன்னால் அங்கே இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

படியேறிப் போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். குளுகுளுவென்று ஒரு அறை. சுவரில் பெரிய டிவி. அதில் நான்.

ஆமாம், நான்தான். என் கிணற்று மேட்டில் நின்று சொம்பில் தண்ணீர் குடிக்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டு பேசுகிறேன்.

"கோடையிலயும் வத்தாது இந்தத் தண்ணி. குடிச்சுப் பாரு, கல்கண்டு. இந்த எடம் கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்."

அதோடு நான் மறைந்தேன். என் சோளக்கொல்லை வந்தது. சோளத்தைக் காணோம். தார் ரோடு, புல்தரை, ஊஞ்சலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஒரு வளைவில் 'கோட்டை வியூ நகர்' என்று எழுதியிருந்தது.

மருமகள் ஹேமலதா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"மாமா, நீங்க ஏன் மேல வந்தீங்க?"

"நான் முன்னாடியே வந்துட்டனே. அங்க பாரு, செவுத்துல."

பொங்கலுக்கு இவள் கொல்லைக்கு வந்து, "பேத்திக்கு அனுப்பணும், கெணத்தப் பத்திப் பேசுங்க மாமா" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். பேத்தி கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவளுக்காகத்தான் பேசினேன். என் வாயை வைத்தே என் நிலத்தை விற்கிறார்கள்.

மேசைக்குப் பின்னால் முப்பது வயதில் ஒருத்தன் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான்.

"நீ யாரு?"

"அனஸ்ங்க ஐயா. லெப்பைக்குடிக்காடு. போன்ல வெளம்பரம் போட்டுக் குடுக்குறேன். உக்காருங்க."

"உக்கார வரல. ஊர்ல இருக்கிற எல்லார் போனுக்கும் இது போவுதா?"

"எல்லாருக்கும் போனா பிரயோஜனம் இல்லீங்க ஐயா. யாரு வாங்குவாங்களோ அவங்களுக்கு மட்டும் போவணும்."

"யாரு வாங்குவாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அவன் இதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் தொழிலைப் பற்றி ஒருத்தன் கேட்டுவிட்டான் என்று சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தான். முதலில் தமிழ்நாடு முழுக்கப் போட்டார்களாம். முப்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். அத்தனை பேரில் போன் பண்ணினது ஒரே ஒருத்தன். அவனும், "பெரம்பலூர்னு போட்டிருக்கீங்களே, சின்ன வெங்காயம் மூட்டை என்ன வெல?" என்று கேட்டானாம்.

"அப்பறம்தான் அண்ணங்கிட்ட சொன்னேன். இந்த மண்ணு மேல புடிப்பு இருக்குற ஆளு வேணும்ணே, வெளியூர்ல சம்பாதிக்கிறவங்களா, வருஷத்துக்கு ஒரு தடவயாவது இங்க வர்றவங்களா இருக்கணும்னு. எங்க ஊரா இருந்தா துபாய்ல இருக்கிறவங்க நம்பரா நானே எடுத்துடுவேன். ஒங்க ஆளுங்கள எனக்குத் தெரியாதில்ல? அண்ணன்தான் கோயில் லிஸ்ட்டக் கொண்டாந்தாரு. நம்பர ஏத்திவிட்டா அவங்க போன்ல மட்டும் காட்டும்."

"எந்தக் கோயில் லிஸ்ட்டு?"

கோகுல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் குலசாமி பச்சையம்மன் கோயில் லிஸ்ட். கல்யாணமான ஆண் ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. பங்காளிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறான்கள். சாமிக்குக் கூரை போட எழுதிய பெயர்களை இவன் மனை விற்கத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

"சாமி லிஸ்ட்டயாடா வித்த?"

"விக்கலப்பா. காட்டுனேன். யாரோ ஒருத்தன் வாங்குறதுக்குப் பங்காளியே வாங்கட்டும்."

"நான் எப்படா விக்கிறேன்னு சொன்னேன்?"

"நீ எப்பவும் சொல்ல மாட்ட!" அவன் குரல் ஏறியது. "ரெண்டு வருஷமா வெங்காயம் அழுகிப் போச்சு. சோளத்துல புழு. களை எடுக்க ஆளு இல்ல. நீ போனப்பறம் யாரு அந்தக் காட்டுல நிக்கிறது? நானா? ஹேமாவா?"

"நான் இன்னும் போவல."

"ஏங்க, சண்டைய அப்பறம் வச்சுக்கலாம்" என்றாள் ஹேமலதா. "பதினொன்றரைக்கு டோக்கன். நேரமாச்சு."

"என்னம்மா டோக்கன்?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் கைப்பையிலிருந்து பச்சைத் தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. பத்திரத் தாள். அந்தப் பச்சையைப் படிக்காமலே எனக்குத் தெரியும்.

"ஆதாருக்கு டோக்கனா, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு டோக்கனா?"

"பவர் பத்திரம்ப்பா" என்றான் கோகுல். "நீ ஒரு தடவ வந்து கை வச்சுட்டாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன். ஒன்ன அலைய வைக்கக் கூடாதுன்னுதான்."

அலைய வைக்கக் கூடாதாம். என்ன ஒரு அக்கறை!

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. ஒரு பெண் உள்ளே வந்தாள். முகம் வேர்த்து, கையில் போனைப் பிடித்திருந்தாள்.

அனஸ் வழக்கம் போல எழுந்தான். "வாங்க மேடம். கோட்டை வியூவா? எந்த மனை பாக்குறீங்க?"

"எங்கப்பன் மனை" என்றாள்.

என் மகள் மணிமொழி. விளம்பரத்தில் போட்டிருந்த விலாசத்தைப் பார்த்து, அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். அண்ணனையும் அண்ணியையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"நல்லா நடிக்கிறப்பா நீ. இத்தன நாளா அண்ணன்தான் கேக்குறான், நான் ஒத்துக்கல, நீ பயப்படாதன்னு எங்கிட்ட சொல்லிட்டு, இங்க சொம்பு தூக்கிட்டு நிக்கிற?"

"மணி..."

"விக்கிறதுன்னா வித்துட்டுப் போ. அத எனக்கே வெளம்பரமா அனுப்புவியா? நேத்து சாயந்தரம் சமையல் வீடியோ பாத்துட்டிருந்தேன். நடுவுல நீ வர்ற! தண்ணி கல்கண்டுன்னு சொல்ற! எம் மவ, 'தாத்தா போன்ல வர்றாரு'ன்னு கை தட்டுறா. எனக்கு வயிறு எரிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மகள் என்றாலும் என்ன? என்னைப் பற்றி இவ்வளவுதானா இவள் தெரிந்து வைத்திருக்கிறாள்?

"நம்புனா நம்பு. நம்பாட்டிப் போ. ஒனக்கு நான் கணக்குச் சொல்ல மாட்டேன்."

"சொல்ல முடியாதுப்பா. என்னத்தச் சொல்லுவ?"

இதற்குள் கோகுல் வேறு ஒரு கவலையில் இருந்தான். "ஒனக்கு எப்படி வந்துச்சு?" என்று அவளைக் கேட்டான். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவளிடம் அவன் பேசுகிற முதல் வார்த்தை. "அனஸு, இவளுக்கு எப்படிப் போச்சு? அது தலைக்கட்டு லிஸ்ட்டு. கட்டிக் குடுத்த பொண்ணு பேரு அதுல ஒன்னுகூட வராது. அதப் பாத்துத்தான ஒனக்குக் குடுத்தேன்!"

"அப்ப, எனக்குத் தெரியக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத்தான் குடுத்திருக்க" என்றாள் மணிமொழி.

ஹேமலதா குறுக்கே வந்து, "எங்களுக்கும் புள்ள இருக்கு மணி. நாங்களும் பொழைக்கணும்" என்றாள்.

"பொழைங்க அண்ணி. எங்கப்பன் மூஞ்சிய வச்சாப் பொழைக்கணும்?"

அனஸ் அவள் நம்பரைக் கேட்டு வாங்கி கம்ப்யூட்டரில் தட்டினான். "இருக்குண்ணே. முப்பத்தேழாவது வரி" என்றான். பிறகு தயங்கினான். "ஆனா பேரு வேற. வைரக்கண்ணு."

அது என் பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோயில் கூரை வேலைக்கு வரி எழுத, பங்காளி காசிநாதன் நோட்டோடு வந்தான். "பெரியப்பா, போன் நம்பர் சொல்லு" என்றான். என்னிடம் போன் கிடையாது. மனசில் இருக்கிற ஒரே நம்பர் இவளுடையதுதான். டீக்கடை போனில் அதைத்தான் போடச் சொல்வேன். அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனான்.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

கோகுலின் முகம் சுருங்கியது. "ஒரே வூட்ல இருக்கேன். ஏன், எந் நம்பரக் குடுத்தா என்ன?"

"ஒன் நம்பரு எனக்குத் தெரியாது."

அது அவனுக்கு உறைத்தது. உறைக்கட்டும்.

மணிமொழிக்கு அப்போதும் முகம் இளகவில்லை. "நம்பரு என்னமோ இருக்கட்டும். வீடியோவுல பேசுறது நீதான? ஒன்னக் கட்டி வச்சாப் பேசச் சொன்னாங்க?"

இத்தனை பேருக்கு நடுவில், நான் யோக்கியன், நான் யோக்கியன் என்று கூவ எனக்குத் தெரியாது.

அனஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஐயா, ஒரு நிமிஷம்" என்றான்.

"அனஸு, அதெல்லாம் வேணாம்" என்றாள் ஹேமலதா சட்டென்று.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. நீங்க இந்த எடத்துல வெட்டுன்னீங்க, வெட்டுனேன். பெரியவருக்கு விக்கச் சம்மதம்னும் சொன்னீங்க. இப்ப பாத்தா அப்படித் தெரியல. எங்க அத்தா இருபது வருஷம் சவுதில இருந்தாரு. அவருக்குத் தெரியாம இங்க ஒருத்தன் எங்க வூட்டயே வித்துட்டான். இந்தப் பாவம் எனக்கு வேணாம்க்கா."

அவன் எதையோ தட்டினான். டிவியில் மறுபடியும் நான், கையில் சொம்பு.

"...குடிச்சுப் பாரு, கல்கண்டு. இந்த எடம் கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்." இந்தத் தடவை நான் மறையவில்லை. சொம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இத எவனுக்கும் குடுக்க மாட்டேன். மவன் கேட்டாலும் கெடையாது. அவன் இப்பவே கண்ணு வச்சுட்டான், திருட்டுப்பய." அதற்கு மேல் ஹேமலதாவின் குரல் கேட்டது. "போதும் மாமா, போதும்."

அனஸ் டிவியை நிறுத்தினான்.

மணிமொழி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னப்பா ஒனக்கு?" என்றாள். அதுவும் அதட்டல்தான். ஆனால் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான் அனஸிடம் கேட்டேன். "இந்த நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் மறுபடி அனுப்ப முடியுமா?"

"முடியுங்க ஐயா."

"அதே ஆளுங்களுக்கு? ஒருத்தன் கொறையக் கூடாது."

"அதே லிஸ்ட்டுதான்."

"வெட்டாமப் போடு."

"அப்பா!" கோகுல் என் கையைப் பிடித்தான். "பங்காளி அத்தன பேரும் பாப்பானுங்க. திருட்டுப்பயன்னு சொல்லிருக்க. எம் மானம் போயிடும்."

"என் மூஞ்சி போனப்ப ஒம் மானம் எங்க போச்சு?"

"திருவிழாவுக்கு நான் எப்படி வருவேன்?"

"வராத."

கையை உதறினேன். ஹேமலதா பச்சைத் தாளைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள். கிழித்துப் போடவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன். இன்றைக்குக் கை வைக்கவில்லை, அவ்வளவுதான். இவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அனஸ் விளம்பரத்தை நிறுத்தினான். முழு வீடியோவை ஏற்றினான். விளம்பரக் கம்பெனியில் அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னதும் ஓடும் என்றான். யார் அந்த அவர்கள் என்று கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டே, "இன்னொன்னு இருக்குங்க ஐயா" என்றான். "மனை வேணும்னு பதினோரு பேரு பாரம் நெரப்பியிருக்காங்க. அவங்களுக்கு இல்லன்னு நாமதான் போன் பண்ணிச் சொல்லணும்."

"படி. எந்தெந்தப் பங்காளின்னு தெரியட்டும்."

"முதல்ல நெரப்புனவருக்கு ஏழாம் நம்பர் மனை. கெணறு இருக்குற மூலை." கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான். "பேரு முத்தமிழ்செல்வன். அரியலூர்."

மணிமொழி போனை மேசைமேல் வைத்துவிட்டு, சுற்றி வந்து திரையைப் பார்த்தாள்.

முத்தமிழ்செல்வன் அவள் புருஷன். சிமெண்ட் ஆலைக்கு டிப்பர் லாரி விடுகிறவர். என் கொல்லைப் பக்கம் பத்து வருஷமாகத் தலைவைத்துப் படுக்காதவர்.

"மாப்ள எங்க குலசாமி லிஸ்ட்ல கெடையாதே" என்றான் கோகுல். அவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இதே நம்பர்லருந்துதான் தொறந்திருக்காங்க" என்று அனஸ் மணிமொழியின் போனைக் காட்டினான். "போன சனிக்கெழம."

"சனிக்கெழம நான் திருமழபாடிக் கோயிலுக்குப் போயிட்டேன்" என்றாள் அவள். "சார்ஜ் போட்டு போன வூட்லயே வச்சுட்டுப் போனேன்."

"அப்ப நாலு நாளா மாப்ளைக்குத் தெரியும். ஒனக்கு நேத்துத்தான் தெரியும்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உண்மையைச் சொல்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன். மகள் முகத்தை அப்படிப் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள்.

"வேற என்ன எழுதியிருக்காரு?"

அனஸ் திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"ஒரே ஒரு கேள்விதாங்க ஐயா. மனைய ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி அந்தக் கெணத்த மண்ணு போட்டு மூடிக் குடுப்பீங்களான்னு கேட்டிருக்காரு. மண்ணுக்கு அவரே லாரி அனுப்புறாராம்."

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஊக்கு இருந்தது. ஆதார் அட்டையும் இருந்தது.

"மணி" என்றேன். "அரியலூர் பஸ்ஸு எங்க நிக்கும்? மாப்ளைக்கு இல்லன்னு நான் நேர்லயே சொல்லிக்கிறேன்."